மழைக்கு முந்தைய மதுரை

நுழையும்முன்

ஓர் ஊரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அதன் கோபுரங்களையும் கடைவீதிகளையும் கண்டு திரும்புவர். அவ்வூருக்கு நீர் எங்கிருந்து வருகிறது, பெய்த மழை எவ்வழியே செல்கிறது என்று கேட்போர் சிலரே. வடகிழக்குப் பருவமழை தொடங்கவிருந்த நாள்களில் மதுரைக்குச் சென்ற ஆசிரியர் ஒருவருக்கு அவ்விரண்டையும் கேட்க நேர்ந்தது. அந்த அனுபவமே இக்கட்டுரை.

புரட்டாசிப் புழுக்கம்

காலாண்டுத் தேர்வு விடுமுறையின்போது, புரட்டாசி மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை மாலையில் மதுரைத் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கினேன். ஞாயிறு மறைந்த பிறகும் தரையிலிருந்து அனல் எழுந்துகொண்டிருந்தது. காற்று அசையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நிலையத்திற்கு வெளியே நின்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு நாள்ல ஊத்தப் போகுது சார்" என்றார்.

முப்பது ஆண்டுகளாகக் கடலூரில் பணியாற்றுகிறேன். கடற்கரை ஊர்களில் மழை பெரும்பாலும் அறிவித்துவிட்டு வரும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானது முதல் வானொலி பேசத் தொடங்கும். துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். உள்நாட்டு நகரமான மதுரையின் இயல்பு வேறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்திலேயே பெரும்பாலும் இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக இங்கு வந்து சேரும். புரட்டாசியில் அக்காற்று தளரும். பகலெல்லாம் காய்ந்த நிலத்திலிருந்து வெப்பம் மேலெழும்; பிற்பகலில் மலைகளின் மேல் முகில் திரளும்; மாலையில் இடி இடிக்கும். வடகிழக்குப் பருவமழை முறையாகத் தொடங்குவது பெரும்பாலும் அக்டோபர் 20ஆம் நாளையொட்டித்தான். அதற்கு முன் வரும் இந்த மாலை மழைகளே அதன் கட்டியங்காரர்கள்.

இளமையில் ஆசிரியப் பயிற்சிக்காக ஓராண்டு மதுரையில் தங்கியிருந்தேன். பணி ஓய்வுக்குப் பின் அங்கேயே குடியேற வேண்டும் என்னும் விருப்பம் அன்று முதல் நெஞ்சில் இருந்தது. நகரின் வடபுறத்தில் ஒரு மனை விலைக்கு வருவதாக அறிந்து, அதைப் பார்க்கவே வந்திருந்தேன். விலை என் கைக்கு எட்டியது. பத்திரங்களின் படிகளையும் பார்த்திருந்தேன். ஞாயிறன்று முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

செல்லூரில் வாழும் என் தாய்மாமன் வீட்டில் தங்கினேன். அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. சிவகங்கைப் பக்கத்து ஊரொன்றில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். கண்மாயின் மடையைத் திறந்து, வயல்வாரியாக முறைவைத்து நீர் பகிர்ந்தளிக்கும் பணி அது. முதுமையில் மகனோடு நகரத்திற்கு வந்துவிட்டார். செய்தியைச் சொன்னதும் சற்றுநேரம் பேசாதிருந்தார்.

"மனையைப் பாக்கலாம் மருமகனே. அதுக்கு முன்னால ஒரு கண்மாயைப் பாரு" என்றார்.

வீதிகளில் ஒரு காலை

மறுநாள் விடியற்காலையில் தனியே நடக்கச் சென்றேன். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என ஒன்றைச் சூழ்ந்து மற்றொன்றாக வீதிகள் அமைந்துள்ளன. திங்களின் பெயரையே தெருவின் பெயராகக் கொண்ட நகரம் இது. எந்த வீதிக்கும் ஐப்பசி, கார்த்திகை என்னும் மழைத் திங்கள்களின் பெயர் இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் நகரம் மழையை எண்ணாமல் இல்லை. கீழமாசி வீதியில் மிளகாய் மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கி மரப்பலகைமேல் அடுக்கிக்கொண்டிருந்தனர் சுமைதூக்கும் தொழிலாளர்கள். ஒரு கடைக்காரர் புதிய தார்ப்பாயை விரித்து, ஓட்டை இருக்கிறதா என வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடைபாதையில் குடை பழுதுபார்ப்பவர் ஒருவர் ஊசியும் கம்பியுமாக அமர்ந்திருந்தார். அவரைச் சுற்றி இருபது குடைகளுக்குக் குறையாமல் கிடந்தன. பூக்காரப் பெண்மணி ஒருவர், "இப்பவே வாங்கிக்கங்க. மழை விழுந்தா மல்லி வரத்துக் கொறஞ்சிரும்" என்றார். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை வெயிலை விரும்பும் மலர். மழையும் குளிரும் தொடங்கினால் அரும்பு குறையும், விலை ஏறும். புரட்டாசிச் சனிக்கிழமை ஆதலால், துளசி மாலையும் கையுமாகப் பலர் பெருமாள் கோயில்களை நோக்கி விரைந்துகொண்டிருந்தனர்.

மாடக்குளத்தின் கரையில்

காலை உணவுக்குப் பின் மாமா என்னை மாடக்குளத்திற்கு அழைத்துச் சென்றார். பாண்டியர் கல்வெட்டுகளில் இந்நகரம் 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று குறிக்கப்படுகிறது. பேரரசு ஒன்றின் தலைநகருக்கு அடையாளம் சொல்ல ஒரு குளத்தின் பெயர் முன்னே நிற்கிறது! இதை வகுப்பறையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால், அந்தக் கரைமேல் அதுவரை நான் நின்றதில்லை.

மாமா கைத்தடியால் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்தினார். நீர் வந்து சேரும் வழி வரத்துக்கால். நீரைத் தாங்கி நிற்பது கரை. வயலுக்கு நீர் செல்லும் வாய் மடை. கண்மாய் நிறைந்தபின் மிகுந்த நீர் வெளியேறும் இடம் கலுங்கு. அவ்வாறு வழிந்தோடுவதை 'மறுகால் பாய்கிறது' என்பர். ஒரு கண்மாயின் மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகும். இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் கண்மாய்கள் அமைந்த நாடு பாண்டிநாடு. பழைய கண்மாய்களில் குமிழித்தூம்பு என்னும் அமைப்பும் உண்டு. நீருக்குள் நிற்கும் கல்தூண்களுக்கு இடையே உள்ள அடைப்பைத் தூக்கினால், மேல்துளை வழியே நீரும், அடித்துளை வழியே சேறு கலந்த நீரும் வெளியேறும். வெள்ளக் காலத்தில் நீருக்குள் மூழ்கி மடை திறந்து உயிரிழந்தவர்களும் உண்டு என்று கூறியபோது, மாமாவின் குரல் தாழ்ந்தது.

"இந்தச் சங்கிலியில ஒரு கண்ணி அறுந்தா என்ன ஆகும் மாமா?" என்று கேட்டேன்.

"தண்ணிக்கு அது தெரியாதே! அது பழைய வழியிலதான் வரும்" என்றார்.

இரு மழைகளின் ஆறு

அங்கிருந்து ஆட்டோவில் வடகரைக்குச் சென்றோம். 1889ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்தது. கீழே வைகை. மணலும் புல்லும் பரந்து கிடக்க, நடுவே ஒரு நீர்க்கோடு ஓடிற்று. ஆற்றின் நடுவே நிற்கும் மைய மண்டபத்தின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. பரிபாடலில் வையை எனப் புகழப்பெற்ற ஆறு இதுதானா என்று புதியவர் ஐயுறக்கூடும்.

வருசநாட்டு மலையில் தோன்றி, 258 கிலோமீட்டர் நடக்கும் இந்த ஆறு, இரண்டு மழைகளால் வாழ்கிறது. ஒன்று, நம் கண்முன்னே ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழை. தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி இக்காலத்தில்தான் கிடைக்கிறது. மற்றொன்று, ஆனி, ஆடித் திங்கள்களில் மலைக்கு அப்பால் பெய்யும் மழை. மேற்கு நோக்கிச் செல்லும் பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, அந்நீரைக் கிழக்கே திருப்பும் அணை, பொறியாளர் ஜான் பென்னிகுக்கின் தலைமையில் 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அவ்வாறு வரும் நீரையும் தேக்கிவைக்க, ஆண்டிபட்டிக்கு அருகில் வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. மதுரையில் ஒரு துளியும் விழாத நாளில் குழாயில் வரும் குடிநீர், எங்கோ பெய்த மழையின் பங்காக இருக்கக்கூடும்.

மாமா நாளிதழில் முதலில் பார்ப்பது அணையின் நீர்மட்டத்தைத்தான். வைகை அணையின் முழுக் கொள்ளளவுக்குரிய மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் எச்சரிக்கை; 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. கரையோர மக்கள் மேடான இடத்திற்குச் செல்ல அதனால் காலம் கிடைக்கும்.

"ஆறு சொல்லிட்டு வரும் மருமகனே. ஓடை சொல்லாம வரும்" என்றார் மாமா.

ஒரு மனையின் முன்வரலாறு

மனை இருந்த இடம் அழகாகத்தான் இருந்தது. தொலைவில் யானைமலை படுத்திருந்தது. செம்மண் பரப்பி, வெள்ளைக் கற்கள் நட்டு, தெருக்களுக்கு மலர்களின் பெயர்கள் சூட்டியிருந்தனர். பதினொரு வீடுகள் முன்பே கட்டப்பட்டிருந்தன. தரகர் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் தொலைவைக் கணக்கிட்டுச் சொன்னார்.

மாமா எதையும் கேட்கவில்லை. மெல்லக் குனிந்து, கைத்தடியின் முனையால் ஒரு சாண் ஆழத்திற்கு மண்ணைக் கிளறினார். செம்மண்ணுக்குக் கீழே கருஞ்சாம்பல் நிற மண் வந்தது. அதை எடுத்து விரல்களுக்கு இடையில் தேய்த்து, என் உள்ளங்கையில் வைத்தார். மாவுபோல் மென்மையாக இருந்தது. "கரம்பை. வயலுக்கு உரமா வண்டி வண்டியா அள்ளிக்கிட்டுப் போவோம். கண்மாய்க்குள்ள தவிர வேற எங்க இப்படிக் கெடக்கும்?" என்றார்.

பிறகு, தெருவின் ஓரமாக நேர்கோட்டில் நின்ற பனைமரங்களைக் காட்டினார். கரையைக் காக்க நடப்பட்டவை அவை என்றார். சற்றுத் தள்ளி, இடுப்பளவு உயரமுள்ள கல்தூண் ஒன்று மண்ணில் பாதி புதைந்து நின்றது. அதில் யாரோ ஓர் ஆட்டைக் கட்டியிருந்தனர். காலையில் மாமா விளக்கிய குமிழித்தூம்பின் தூண் என் நினைவுக்கு வந்தது. கரை, மண், மடை ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. நீர் மட்டும் இல்லை.

மதுரையில் தல்லாகுளம், பீபீகுளம், கோசாகுளம், உலகனேரி என நீர்நிலைகளின் பெயர் தாங்கிய பகுதிகள் பல உள்ளன. அப்பெயர்களை அஞ்சல் முகவரிகளாகவே நான் அறிந்திருந்தேன். அவை ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றுக் குறிப்பு என்பதை, ஒரு பிடி மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது உணர்ந்தேன்.

ஆயினும், மனம் எளிதில் விட்டுவிடவில்லை. பதினொரு குடும்பங்கள் வாழவில்லையா? சற்று உயர்த்திக் கட்டினால் ஆகாதா? இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடினேன். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தரகரிடம் கூறிவிட்டுத் திரும்பினோம்.

மழை

பிற்பகல் மூன்று மணிக்கு அழகர்மலைப் பக்கம் இருண்டது. நான்கு மணிக்குச் செல்லூர்த் தறிகளின் ஓசையை இடியோசை விழுங்கியது. முதலில் புழுதி மணம். பின் சருகுகளைச் சுழற்றி வந்த காற்று. அதன்பின், கூரையில் யாரோ கூழாங்கற்களைக் கொட்டுவதுபோல் பெருந்துளிகள். தெருவில் சிறுவர்கள் கூச்சலிட்டு ஓடினர். மாடிகளில் காயவைத்த துணிகளை எடுக்கப் பெண்கள் விரைந்தனர். எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி மழையில் கையை நீட்டி, நனைந்த விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஒன்றரை மணிநேரம் பெய்து ஓய்ந்தது. நகரமே குளிர்ந்தது.

"வா, இப்பப் போயிப் பாத்துட்டு வருவோம்" என்று குடையை எடுத்தார் மாமா.

ஆட்டோ மனைக்கு அரைக் கிலோமீட்டர் முன்பே நின்றுவிட்டது. மாமாவை ஒரு தேநீர்க் கடையில் அமரவைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். பனைமரங்களின் வரிசைக்கு அப்பால் நீர் முழங்கால் அளவு நின்றது. காலையில் நான் நின்ற இடம் தெரியவில்லை. கல்தூணின் தலை மட்டும் நீருக்கு மேலே தெரிந்தது. ஆட்டைக் காப்பாற்றி எங்கோ கட்டியிருக்க வேண்டும்; கத்துவது கேட்டது.

முதல் வீட்டில் விளக்கு எரிந்தது. தையல் தொழில் செய்யும் பெண்மணி ஒருவர், தம் மகனோடு தையல் எந்திரத்தைக் கட்டிலின்மேல் தூக்கிவைக்க முயன்றுகொண்டிருந்தார். வாசற்படியைத் தாண்டி நீர் உள்ளே வந்திருந்தது. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளை ஒரு மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் போட்டோம். சுவரில் முன்னைய ஆண்டுகளின் நீர்க்கோடுகள் இரண்டு இருந்தன.

"மூணு வருசமா மழைன்னா இப்படித்தான் சார். நாங்க எடம் வாங்குனது சித்திரையில. கட்டாந்தரையா இருந்துச்சு. ஒண்ணும் தெரியல" என்றார் அவர். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "நீங்கதான் பக்கத்து மனையை வாங்கப் போறவரா? வாங்குங்க சார். நீங்க படிச்சவங்க. சேந்து போயி, அடைச்சுக் கெடக்குற கால்வாயைத் தூர்வாரச் சொல்லிக் கேக்கலாம்" என்றார்.

எனக்கு விடை சொல்ல வரவில்லை. வாங்கக் கூடாது என்ற முடிவை வாசலில் நீரைக் கண்டபோதே எடுத்துவிட்டேன். அந்த முடிவு என் சேமிப்பைக் காப்பாற்றிவிடும். ஆனால், வாழ்நாள் சேமிப்பை முன்பே இங்குப் புதைத்துவிட்டவருக்கு அதனால் என்ன பயன்? தவறு செய்தவர் போன்று தலைகுனிந்து, "நான் வாங்கவில்லை அம்மா" என்றேன். அவர் முகம் வாடியது. "அதுவும் சரிதான் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாளியை எடுத்து நீரை இறைக்கத் தொடங்கினார்.

கரையின் பங்கு

இரவு உறக்கம் வரவில்லை. மதுரையில் ஆவணித் திங்களில் நிகழும் புட்டுத் திருவிழாவை நினைத்துக்கொண்டேன். வைகை பெருகிக் கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஒருவர் வந்து தத்தம் பங்கை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. ஆளில்லாத முதியவளான வந்திக்காக இறைவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டை உண்டு, பிரம்படி பட்டதாகத் திருவிளையாடற்புராணம் கூறும். புட்டையும் பிரம்படியையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வீட்டிற்கும் கரையில் ஒரு பங்கு உண்டு என்னும் செய்தியும் அந்தக் கதையில் இருக்கிறது. ஊரார் கூடிக் கண்மாயைப் பேணும் குடிமராமத்து முறையின் உட்பொருளும் அதுதான். தன் பங்கை அடைக்க ஆளில்லாதவருக்காக மற்றவர் மண்வெட்டி தூக்க வேண்டும்.

எனக்கு மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. தெரிந்த தொழில் ஒன்றுதான். ஞாயிறு காலையில் நான்கு தாள்களும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு மீண்டும் அங்குச் சென்றேன். நீர் வடிந்து சேறு மட்டும் கிடந்தது. மாமாவும் வந்தார். கால்வாய் எங்குத் தொடங்கி எங்கு முடிந்தது, எந்தச் சிறுபாலத்தின் அடியில் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தம் கண்ணால் அளந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெறுநர், பொருள், நீர் தேங்கும் இடம், அளவு, பாதிக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை, கோரிக்கை என ஒழுங்குபடுத்தி, பதினொரு வீட்டாரிடமும் கையொப்பம் பெற்றோம். எழுதத் தெரியாத ஒருவர் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்த விண்ணப்பக் கடிதம் அன்றுதான் எனக்கு முழுமையாகப் பொருள்பட்டது.

கார்த்திகைத் திங்களில் ஒருநாள் அப்பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். சிறுபாலத்தின் அடைப்பை நீக்கிக் கால்வாயைத் தூர்வாரிவிட்டார்கள் என்றும், அடைமழையிலும் நீர் வாசற்படியோடு நின்றுவிட்டது என்றும் கூறினார். "முழுசாப் போகல சார். ஆனா மிசினைத் தூக்கி வைக்கல" என்றார்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "படி வரைக்கும் வருதுல்ல? அது அதோட எடம். வந்துட்டுத்தான் போகும்" என்றார். பிறகு, வைகை அணையின் நீர்மட்டம் அன்று எவ்வளவு என்று என்னைக் கேட்டார். நான் நாளிதழை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். இப்போதெல்லாம் நானும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் குளம், ஏரி, கண்மாய், ஓடை ஆகியவற்றின் பெயரால் வழங்கும் இடங்களைப் பட்டியலிட்டு, அங்கு இப்போது நீர்நிலை உள்ளதா என ஆராய்ந்து வகுப்பறையில் கூறுக.

2. மழைநீர் தேங்கும் இடம் ஒன்றைக் குறிப்பிட்டு, அதைச் சீரமைக்க வேண்டி உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.

3. வரத்துக்கால், மடை, கலுங்கு, மறுகால், கரம்பை போன்று நீர் மேலாண்மை சார்ந்து உங்கள் பகுதியில் வழங்கும் சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.